நாற்பத்தெட்டு மணி நேரம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீ, உன் மனைவி, சின்னவள் மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு அந்தப் பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. கடிதத்தில் நீ குறுக்கே புக முடியாது பார்.

நேற்றுக் கண் டாக்டரிடம் போனோம். அக்டோபரில் ஆபரேஷன் செய்த வலது கண் போனது போனதுதான். இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறதாம். ஆறேழு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் அதுவும் சிக்கலாகிவிடுமாம். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மாறுகண் உள்ள ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ‘ஒன்றரைக்கண்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. கடைசியில் அவள் படிப்பையே நிறுத்திவிட்டாள். இப்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள்தான் எதிரே நிற்கிறாள். நீ இயந்திரம் பழுது பார்க்கிற ஆஸ்பத்திரி என்று நம்பித்தான் முதல் ஆபரேஷனுக்குப் போனேன். அவர்களையும் குறை சொல்லவில்லை. என் வினை என்னைத் தேடி வந்துவிட்டது. பாதியைக் கொடுத்தாயிற்று. மீதியை நானே கொண்டுபோய்க் கத்திக்குக் கீழே வைக்க மாட்டேன்.

பதில் எழுதினால் பெரிய எழுத்தில் எழுது. காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில்தான் படிக்க முடிகிறது.

அன்பு அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பல் விழுந்துவிட்டது. இப்போது சிரிப்பதென்றால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம்.

நான் சிரிக்கவில்லை. கோபம்தான் வந்தது. வினை என்றால் செய்கை. செய்கைக்கு விளைவு உண்டு என்பதை உன்னைவிட நான் அதிகம் நம்புகிறேன். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆபரேஷன் கருவிகளை மூட்டையாகக் கட்டி என் இயந்திரத்துக்குள் வைக்கிறார்கள். நீராவி இத்தனை சூட்டில் இத்தனை நிமிடம் நின்றால் கிருமி சாகும். நிற்காவிட்டால் சாகாது. நீ சின்ன வயதில் யாரைக் கேலி செய்தாய் என்று கிருமிக்குத் தெரியாது. கரண்ட் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். தொட்டவன் நல்லவனா, திருடனா என்று விசாரித்துவிட்டு அடிப்பதில்லை.

அந்தப் பெண்ணைக் கேலி செய்ததற்கும் விளைவு இருந்தது. அவள் படிப்பு நின்றதுதான் அது. அதற்காக நீ வருத்தப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து உன் கண்ணைத் தேடிக்கொண்டு நடந்து வர அதற்குக் கால் கிடையாது.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு. மறுபடி எழுதுகிறேன்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 1

என் விஞ்ஞானித் தம்பிக்கு,

இங்கே நலம். அத்தானுக்கு மட்டும் முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது, தைலம் தேய்த்துச் சமாளிக்கிறார். உங்கள் எல்லோர் உடம்பும் எப்படி?

உன் கரண்ட் கம்பியை ஒரு வாரம் யோசித்தேன். நல்லவனோ கெட்டவனோ, தொட்டவனைத்தானே அது அடிக்கிறது? நான் எதைத் தொட்டேன்? சொட்டு மருந்தைக் கடிகாரம் பார்த்துப் போட்டேன். தலைக்குத் தண்ணீர் விடவில்லை. குனியவில்லை. இருந்தும் மூன்றாம் நாள் கண்ணுக்குள் நெருப்பு வைத்த மாதிரி ஆனது. ஒன்றுமே செய்யாமல் எனக்கு இது நடந்தது என்று நினைத்தால் பயமாக இருக்கிறதடா. என் பாவத்தால் நடந்தது என்றால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. அந்த நியாயத்தையும் நீ பிடுங்கிக்கொண்டால் என் கையில் என்ன மிஞ்சும்?

கடையிலும் என் நேரம் சரியில்லை. போன வாரம் ஒருவர் பழைய சுவரின் சுண்ணாம்புச் சில்லைக் கொண்டுவந்து, அதே இளமஞ்சளில் பெயிண்ட் கேட்டார். பதினெட்டு வருடமாகக் கலக்குகிற கை. வெள்ளை டின்னைத் திறந்து, சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியில் தொட்டு அட்டையில் தடவி, காய்ந்ததும் சில்லோடு வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். மறுநாள் நாலு டின்னையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். ‘என்னம்மா, ஆஸ்பத்திரி சுவர் மாதிரி வெளுத்துப் போயிருக்கு’ என்றார். முதலாளி தானே எழுந்து வந்து டின்களை வாங்கி அடுக்கினார். அதுதான் சுருக்கென்றது. இதற்கு என்ன சொல்கிறாய்?

அன்பு அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானை மாடி ஏறாமல் பார்த்துக்கொள்.

இளமஞ்சளுக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. புரை விழுந்த கண்ணில் பார்ப்பது, பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி. எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது, சாயம் குறைந்திருந்தும் சில்லும் அட்டையும் உனக்கு ஒன்றாகத்தானே தெரிந்திருக்கும்? உனக்குச் சரியாக இருந்தது, அவருக்கு வெளுத்துத் தெரிந்தது. கை தப்பவில்லை, நேரமும் கெடவில்லை. புரையை எடுத்துவிட்டால் பழையபடி கலக்குவாய். பார்த்தாயா, இதைச் சொல்ல முன்ஜென்மம் வரை போக வேண்டியிருக்கவில்லை.

‘நான் எதைத் தொட்டேன்’ என்று கேட்டாய். நல்ல கேள்வி. தொட்டவன் ஒருத்தன், அடிபட்டவள் ஒருத்தி என்று இருக்கலாம் அக்கா. லாரிக்காரன் தூங்கினால் நடைபாதையில் போனவன் சாகிறான். செய்தவனுக்கே விளைவு வந்து சேரும் என்கிற இடத்தில்தான் உன் கர்மா தடுக்கி விழுகிறது. காரணம் கட்டாயம் இருக்கும். அது உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தேதி வாங்கினாயா?

அன்புத் தம்பி

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அத்தான் முழங்கால் தேவலை. சின்னவளுக்கு என் முத்தம்.

மஞ்சள் விஷயத்தில் நீ ஜெயித்தாய். முதலாளியிடம் அப்படியே சொன்னேன். ‘அட, உங்க தம்பி பெரிய ஆளா இருக்காரே’ என்றார். எனக்கு ஒரே பெருமை.

வலது கண்ணுக்கும் இப்படி ஒரு பதில் சொல். லாரிக்காரன் தூங்கினான் என்கிறாய். சரி, என் விஷயத்தில் தூங்கினது யார்? டாக்டரைக் கேட்டால் ‘சில சமயம் இப்படி ஆகும்’ என்கிறார். எனக்கு மட்டும் ஆகியிருந்தால் நானும் விட்டிருப்பேன். உனக்கு நான் சொன்னதில்லை. அந்தப் புதன்கிழமை ஆறு பேருக்கு ஆபரேஷன் நடந்தது, மூன்று பேருக்குக் கண் போனது. நான், ஒரு பஸ் டிரைவர், பக்கத்துக் கட்டில் அம்மா. அந்த அம்மா மாமியாருக்குக் கண் மங்கினபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் நாளைக் கடத்தினாளாம். அதுதான் காரணம் என்று தினமும் அழுகிறாள். டிரைவர் என்றைக்கோ ஒரு நாயின் மேல் பஸ்ஸை ஏற்றிவிட்டாராம். தேடினால் யாருக்குத்தான் ஒன்று கிடைக்காது?

நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவன். உன் விஞ்ஞானத்தை வைத்துக் கண்டுபிடி. காரணம் இது என்று காட்டு, அடுத்த நாளே தேதி வாங்குகிறேன். காட்டாவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடு.

அன்பு அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சின்னவள் சைக்கிள் பழகுகிறாள், இரண்டு முறை விழுந்தாள், பெரிய காயமில்லை.

ஆபரேஷனை வேறு ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். பெரியதாக ஒன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. தயவுசெய்து போய்ப் பார்.

தம்பி

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிகிறது.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது சைக்கிள். ஆஸ்பத்திரியில் அந்த நீராவி அறையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் நேற்றுக் கடைக்கு வந்தாள், வீட்டுக் கதவுக்கு பெயிண்ட் வாங்க. ‘உங்க தம்பி மார்ச் அஞ்சாம் தேதி வந்திருந்தாரே, வீட்டுக்கு வரலையா?’ என்றாள். ‘வந்தானே, சாப்பிட்டுட்டுத்தான் போனான்’ என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் பொய் சொல்வது இது முதல் தடவை இல்லை. ஆனால் பிறந்த வீட்டு மனிதர்கள் என்று எனக்கு மிஞ்சியிருப்பது நீ ஒருத்தன். இந்த ஊருக்கு வந்து, என் வாசலை மிதிக்காமல் போக நான் என்ன செய்தேன்?

முதலாளி என்னைக் கலக்கும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். பக்கத்து அலமாரியில் இருக்கிற டின்னின் பெயர் தெரியவில்லை. அத்தான் முகம் தெரிகிறது, முகத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிவதில்லை. ஒருவிதத்தில் நல்லதுதான்.

நான் போகப் போவதில்லை. நீ என்னத்தையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். இருக்கிற கண் போவதற்குள் அதைச் சொல்லிவிடு.

அக்கா

மே 2

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நான் ஓர் இயந்திரத்தைப் பிரித்து மாட்டினால் கடைசியில் ஒரு சோதனை செய்ய வேண்டும். சாகாத விதைபோல் உறங்குகிற கிருமிகளை ஒரு சின்னக் குழாயில் அடைத்து வைத்திருப்பார்கள். அதை மூட்டையின் நடுவில் வைத்து ஓட்ட வேண்டும். பிறகு அந்தக் குழாயை வெதுவெதுப்பான பெட்டியில் நாற்பத்தெட்டு மணி நேரம் வைக்க வேண்டும். கிருமி செத்திருந்தால் குழாய் ஊதாவாகவே இருக்கும். பிழைத்திருந்தால் மஞ்சளாகும். ஊதா என்று பார்த்த பிறகுதான் தாளில் கையெழுத்து. அதுவரை அந்த இயந்திரத்திலிருந்து ஓர் ஊசிகூட வெளியே போகக்கூடாது.

யார் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது? எங்கள் கம்பெனியில் எல்லோரும் இரண்டு நாள் தள்ளித் தேதி போட்டு, ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். பதினான்கு வருடத்தில் ஒரு குழாய்கூட எனக்கு மஞ்சளானதில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை காலையில் அந்த மூட்டையைப் பிரித்து உனக்கு ஆபரேஷன் செய்தார்கள்.

மூன்று பேர் என்று நீ எழுதியதைப் படித்தபோதே அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. மார்ச்சில் போய்ப் பெட்டியைத் திறந்தேன். குழாய் உள்ளே மூலையில் கிடந்தது. என் கையால் எழுதிய தேதி. மஞ்சள். காற்றை வெளியேற்றுகிற வால்வு அன்றைக்குப் பாதியில் சிக்கியிருந்திருக்கிறது. மூட்டையின் நடுவில் காற்று நின்றுவிட்டது, அங்கே நீராவி போகவே இல்லை. வெளியே மீட்டர் மட்டும் சரியாகக் காட்டியிருக்கிறது. பிறகு வேறொருவர் வந்து வால்வை மாற்றிவிட்டுப் போனதாகப் பதிவேட்டில் இருந்தது. என் தாள் இருந்ததால் இயந்திரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. நான் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உன் தெரு முனை வரை நடந்து வந்து திரும்பிவிட்டேன்.

நீ எதையும் தொடவில்லை அக்கா. தொட்டவன் நான். உனக்குப் பாடம் நடத்தினேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆபரேஷன் மட்டும் செய்துகொள்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எல்லாக் கடிதத்தையும் பெரிதாக எழுதினவன், அதை மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தாய். அத்தானிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கடையில் சாயக் குப்பியின் பொடி எழுத்தைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு காலை படித்தேன். முதல் நாள் ‘மஞ்சள்’ வரை வந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. இன்னும் இருக்கிறது. நாற்பது நாள் உனக்கு எழுதாததற்குக் காரணம் அதுதான். நான் ஒரு பாவமும் செய்யவில்லை என்று தெரிந்து நிம்மதியாக அழக்கூட முடியவில்லை. செய்தது நீயாக இருந்தால் நான் யாரிடம் போய் அழுவேன்?

நீ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் உனக்குப் போன் செய்து, ‘பயமா இருக்குடா, சீக்கிரம் வந்துடு’ என்று சொன்னேன். நாலு மணிக்கு வந்து நின்றாய். வேலை சீக்கிரம் முடிந்தது என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இதை எனக்காகத்தானே மறைத்தாய்? சில நாள் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். நான் கூப்பிட்டது, என்னைப் பயமுறுத்தினது, அதற்கு முன்னால் இருந்தது என்று போய்க்கொண்டே இருந்தால் முடிவே இல்லை. அப்புறம் யோசித்தேன். அக்கா கூப்பிட்டால் தம்பி வருவான். அதில் தப்பில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினாயே, அங்கேதான் தப்பு. அது உன்னுடையது. அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

காரணம் கேட்டேன், காட்டிவிட்டாய். வாக்குப்படி தேதி வாங்கிவிட்டேன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரியில், ஜூலை பதினேழு. ஆனால் எனக்குச் சொன்னது மட்டும் போதாது. மிச்சம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் நாயை நினைத்துக்கொண்டு இருக்கிறார், ஒருத்தி மாமியாரை நினைத்துக்கொண்டு இருக்கிறாள். எழுதிக் கொடு. உன் பெயரைப் போட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கும் உன் கம்பெனிக்கும் எழுதிக் கொடு.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். குழாயையும் ஒப்படைத்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் என்னோடு பேசுவதில்லை. எல்லோரும் செய்ததுதானே என்று அவர்களுக்குக் கோபம். பின்தேதிக் கையெழுத்து இனிமேல் கூடாது என்று எல்லா ஊருக்கும் உத்தரவு போயிருக்கிறது. உன் பேரை எதிலும் இழுக்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் தெரியப்படுத்துவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

பதினேழாம் தேதி நான் வரலாமா?

தம்பி

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். உன் மனைவி தைரியமாக இருக்கிறாளா? சின்னவள் சைக்கிள் எந்த மட்டில் இருக்கிறது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வரலாமா என்று கேட்டிருந்தாய், நான் பதில் போடவில்லை. அன்றைக்கு என்னால் முடியவில்லை. அவ்வளவுதான், வேறு அர்த்தம் தேடாதே. உள்ளே போவதற்கு முன்னால் அங்கிருந்த நர்ஸிடம், ‘அந்தக் குழாயை எத்தனை மணி நேரம் வெச்சுப் பாப்பீங்க?’ என்று கேட்டேன். அவள் திகைத்துப் போய், தாளையும் குழாயையும் எடுத்து வந்து காட்டினாள். கட்டு அவிழ்த்த அன்றைக்கு அத்தானைப் பார்த்தேன். இந்தப் பத்து மாதத்தில் மனிதர் எவ்வளவு கிழடு தட்டிப் போயிருக்கிறார்! அடுத்த வாரம் கலக்கும் மேஜைக்குத் திரும்புகிறேன்.

நேற்றுப் பக்கத்துக் கட்டில் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது, நீ எழுதிக் கொடுத்ததின் நகலோடு. மகன் படித்துக் காட்டினானாம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள், படித்தேன். தாளை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

‘அப்ப இது என் மாமியாருக்காக இல்லையா?’ என்று கேட்டாள்.

‘இல்லம்மா. அவங்களை இழுத்தடிச்சீங்களே, அது தப்புதான். அது வேற, இது வேற’ என்றேன்.

‘பத்து மாசமா அந்தக் கிழவி போட்டோ முன்னாடி நின்னு, போதும் விட்டுடுங்கன்னு கெஞ்சிட்டு இருக்கேன்’ என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். கண்ணுக்காக அழவில்லை தம்பி. பத்து மாதமாக ஒரு செத்தவளைப் போய்க் கொடுமைக்காரி என்று நினைத்துவிட்டோமே என்று அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘இதை எழுதின பையன் யாருன்னு உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டாள். தாளில் இருந்த பெயர் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று நானும் சொல்லியிருக்கலாம். நர்ஸிடம் பொய் சொன்னவள்தானே.

‘என் தம்பி’ என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். வாசற்படியில் நின்று திரும்பி, ‘தாள்ல படிச்சா மனசு கேக்க மாட்டேங்குது. அவனை வரச் சொல்லு. நான் காரணமில்லைன்னு அவன் வாயால ஒரு தடவை சொல்லட்டும்’ என்றாள்.

திட்டுவாளோ, அடிப்பாளோ எனக்குத் தெரியாது. டிரைவர் வீடும் அவள் தெருவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இருப்பார்கள். சனிக்கிழமையே கிளம்பி நேராக வீட்டுக்கு வந்துவிடு. நானும் உன்கூட வருகிறேன்.

அன்பு அக்கா